மருமகனுக்கு எந்த கேமைக் கொடுப்பது? அடுக்கம் மலைவீட்டில் ஒரு தாய்மாமனின் 412 வரிக் கணக்கு!

"மாமா, உங்க கேம்ஸ் எல்லாத்தையும் எனக்குத் தருவீங்களா?"

கனடாவிலிருந்து வீடியோ காலில் ஒன்பது வயது மருமகன் கேட்ட கேள்வி இது. "உனக்கு இல்லாததாடா!" என்று உடனே சொல்லிவிட்டார் மாமா. தாய்மாமன் வேறு என்ன சொல்வார்? காதுகுத்துக்குத் தட்டு வரிசை எடுத்துப்போய்ச் சீர் செய்தவர். அந்த வரிசையில் கேமும் ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார். வாக்குக் கொடுத்த பிறகுதான் யோசனை வந்தது. தன்னிடம் என்னென்ன கேம்கள் இருக்கின்றன? எங்கெங்கே இருக்கின்றன? அவற்றில் எடுத்துக் கொடுக்கக்கூடியது எது?

அந்தக் கணக்கைப் போட்டு முடிக்க எட்டு மாதங்கள் ஆயின.

அவருக்கு 31 வயது. பெயர் வேண்டாம் என்கிறார். "கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்துட்டிருக்காங்க. கேம் பைத்தியம்னு எழுதிட்டீங்கன்னா அம்மா என்னை வீட்டுக்குள்ள விட மாட்டாங்க" என்று சிரிப்பார். கோவையில் ஒரு நிறுவனத்தில் சாஃப்ட்வேர் வேலை. வாரத்தில் பாதி நாள் அலுவலகம், மீதி நாள் வீட்டிலிருந்தே. அப்பா 2022-ல் காலமான பிறகு, முடிந்த நாளெல்லாம் சொந்த ஊரான அடுக்கத்துக்கு வந்துவிடுகிறார்.

கொடைக்கானலுக்கு வழக்கமாக வத்தலக்குண்டு பாதையில் போகிறவர்களுக்கு அடுக்கம் தெரிந்திருக்காது. பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வழியாக ஏறும் மலைப்பாதை அடுக்கத்தைத் தொட்டு, பெருமாள்மலையில் கொடைக்கானல் சாலையோடு சேர்ந்துகொள்ளும். அடிவாரம் தேனி மாவட்டம். ஊர் திண்டுக்கல் மாவட்டம். காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட் என்று தோட்டங்கள். மழை பலமாகப் பிடித்தால் பாதையில் மண் சரியும். பிறகு வண்டிகள் எல்லாம் சுற்றித்தான் போக வேண்டும்.

2024 ஐப்பசி மழையில் வீட்டின் அடுப்படிக் கூரை ஒழுகியது. பரணில் இருந்த சாமான்களை இறக்கச் சொன்னார் அம்மா. பழைய பித்தளைப் பாத்திரங்கள், விதைக்காப்பிச் சாக்கு, அதற்குப் பின்னால் ஒரு தகர டிரங்குப் பெட்டி. அதற்குள் உரச்சாக்கைக் கிழித்துத் தைத்த உறைகளில் டிவி கேம் கேசட்டுகள், சிடிக்கள், டிவிடிக்கள்.

"எடைக்குப் போட்டுட்டு வேலையப் பாருடா" என்றார் அம்மா.

"அம்மா, உங்க பேரனுக்குத் தர்றேன்னு சொல்லியிருக்கேன்."

"அப்போ தொடைச்சுக் குடு. பூஞ்சை புடிச்சிருக்கும்."

ஆச்சர்யம், பூஞ்சை அதிகம் இல்லை. மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும் ஊர் இது. ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் தோல் செருப்பு பச்சையாகிவிடும், கேமரா லென்ஸில் வலை கட்டிவிடும். ஆனால், அடுப்புக்கு நேர் மேலே, விறகுச் சூடு படும் பரணில் வைத்த பெட்டி ஈரம் ஏறாமல் தப்பித்திருந்தது. அங்கே வைத்தவர் அப்பா.

அப்பா ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. எதை வாங்கினாலும் அதன்மேல் தேதி, விலை, வாங்கிய இடம் மூன்றையும் எழுதிவிடும் பழக்கம் அவருக்கு. குடைக்கம்பியில் சீட்டு கட்டியிருப்பார். டார்ச் லைட்டின் அடியில் பிளாஸ்திரி ஒட்டி எழுதியிருப்பார். முதல் கேசட்டைத் திருப்பிப் பார்த்தபோது அங்கேயும் இருந்தது, நீல மையில்: 'பெரியகுளம், ரூ.180, 14.1.2003.' பொங்கலுக்கு வாங்கியது.

அந்தச் சீட்டைப் பார்த்ததும் அவருக்குச் செண்பகனூர் ஞாபகம் வந்தது. கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே இருக்கும் அந்த அருங்காட்சியகத்தை இயேசு சபைத் துறவிகள் 1895-ல் தொடங்கினார்கள். இந்த மலையின் பூச்சி, பறவை, பாம்பு, பூ எல்லாம் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. மலையில் படித்த பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறையாவது சுற்றுலா போன இடம். அப்படிச் சேகரிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிடித்ததன் பெயரை மட்டும் எழுதி நிறுத்த மாட்டார்கள். எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது என்பதும் சீட்டில் ஏறும். அப்பாவும் அதையேதான் செய்திருந்தார்.

அன்று இரவு லேப்டாப்பில் ஒரு எக்செல் ஷீட் திறந்தார் அவர். கேமின் பெயர், எந்தக் கருவி, எங்கே கிடைத்தது, எப்போது, இப்போது ஓடுமா. கடைசியாக ஒரு கட்டம்: 'கொடுக்க முடியுமா?'

முதல் கேசட்டிலேயே கணக்கு இடறியது. அட்டையில் '9999 இன் 1' என்று போட்டிருந்தது. 1990-களிலும் 2000-களிலும் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேசட் தெரியும். ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 1983-ல் கொண்டுவந்த ஃபேமிகாம் என்ற கருவியின் மலிவான நகல்கள்தான் நம்மூர்க் கடைகளில் 'டிவி கேம்' என்ற பெயரில் கிடைத்தன. கேசட்டில் எண் எவ்வளவு பெரியதோ அவ்வளவு ஏமாற்று. கீழே இறங்க இறங்க அதே பத்துப் பதினைந்து கேம்கள் வேறு வேறு பெயரில் வந்துகொண்டே இருக்கும். சில சமயம் பெயர்கூட மாறாது, மூன்றாவது லெவலில் இருந்து தொடங்கும், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அந்தக் கேசட்டை மட்டும் பிரித்தார். டாங்கி கேம் என்று பிள்ளைகள் சொன்னது 'பேட்டில் சிட்டி'. கார் கேம் என்றது 'ரோடு ஃபைட்டர்'. சிங்கத்தின்மேல் ஏறி நெருப்பு வளையத்தில் தாண்டுவது 'சர்க்கஸ் சார்லி'. அந்தப் பெயர்களை அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டியிருக்கவில்லை. '9999' கடைசியில் பன்னிரண்டு வரிகளாகச் சுருங்கியது. வீடியோ காலில் அக்காவிடம் சொன்னபோது, "அப்பா 180 ரூபா ஏமாந்துட்டாருடா" என்று சிரித்தார்.

கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதுவோமே, அது தப்பாம். மூச்சில் இருக்கும் ஈரம் செப்புப் பட்டைகளை அரித்துவிடும். எடுத்துச் சொருகும்போது தொடர்பு சரியாகிவிடுவதால் ஊதியதுதான் வேலை செய்தது என்று நாம் நம்பியிருக்கிறோம். அவர் பென்சில் ரப்பரால் பட்டைகளை மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தார். ஏழு கேசட்டில் ஐந்து ஓடின.

துப்பாக்கி மட்டும் சுடவில்லை. 'டக் ஹன்ட்' வாத்து விளையாட்டுக்கான பிளாஸ்டிக் துப்பாக்கி. கழற்றிப் பார்த்தார், ஒயர் எல்லாம் சரி. பிறகுதான் காரணம் புரிந்தது. குதிரையை இழுத்த நொடியில் திரை முழுக்கக் கறுப்பாகி, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி முனையில் இருக்கும் சென்சார் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் குறி சரி. இந்த ஏற்பாடு பழைய படக்குழாய் டிவியின் வேகத்துக்காகச் செய்தது. எல்.இ.டி டிவி படத்தைக் காட்ட ஒரு நொடியின் சிறு பங்கு தாமதிக்கும். அந்தத் தாமதத்தில் வாத்து பிழைத்துவிடும்.

"கவர்மென்ட் டிவி இருக்கேடா" என்றார் அம்மா.

இருந்தது. 2006-ல் கலைஞர் அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 இன்ச் டிவி, காப்பிக்கொட்டை காயவைக்கும் அறையில் சாக்குக்குக் கீழே. துடைத்து ஒயரைச் சொருகியதும் ஒரு ஊளையோடு படம் வந்தது. முதல் சூட்டிலேயே வாத்து விழுந்தது. 'ஓடுமா?' கட்டத்தில் அவர் எழுதியது: 'ஓடும். ஆனால், கவர்மென்ட் டிவியில் மட்டும்.'

தமிழ்நாட்டு வீடுகளின் கேம் வரலாற்றை எழுதினால் அரசாங்கத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டியிருக்கும். டிவிக்குப் பிறகு லேப்டாப். 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், அந்தக் கல்வியாண்டில் பிளஸ் டூ படித்த அவருக்கும் ஒன்று கிடைத்தது. படிக்கக் கொடுத்ததுதான். படிக்கவும் செய்தார்கள். ஆனால், விடுதி அறைகளில் பென் டிரைவ் கைமாறிக்கொண்டே இருந்தது. 'கவுன்டர் ஸ்ட்ரைக்', 'வைஸ் சிட்டி' இரண்டும் இல்லாத அரசு லேப்டாப் அந்த விடுதியில் அபூர்வம். அவருடைய லேப்டாப்பில் ஒன்பது கேம்கள் இருந்தன. பேட்டரி உப்பிப் போயிருந்ததால் அதைக் கழற்றிவிட்டு, சார்ஜரில் நேரடியாகப் போட்டபோது மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தது. ஒன்பதும் அப்படியே இருந்தன.

வைஸ் சிட்டி அவரை ஒரு வாரம் படுத்தியது. அந்த ஒரே கேம் அவரிடம் நான்கு இடங்களில் இருந்தது. கல்லூரிக் காலத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிளேஸ்டேஷன் 2-வில் ஒரு டிவிடி, அரசு லேப்டாப்பில் ஒன்று, பழைய ஆண்ட்ராய்டு போனில் ஒன்று, ஸ்டீமில் காசு கொடுத்து வாங்கியது ஒன்று. இது ஒரு வரியா, நான்கு வரியா? ஒரே கதைதானே என்று முதலில் ஒரே வரியில் போட்டார். பிறகு விளையாடிப் பார்த்தபோது ஸ்டீம் பிரதியில் காரில் கேட்ட ஒரு பாட்டைக் காணவில்லை. பாட்டுக்கு வாங்கிய உரிமக் காலம் முடிந்ததால், கடையில் விற்கும் பிரதியிலிருந்து சில பாடல்களை எடுத்துவிட்டிருக்கிறார்கள். 2021-ல் புதுப்பித்த பதிப்பு வந்தபோது பழைய பதிப்பையே டிஜிட்டல் கடைகளிலிருந்து கொஞ்ச காலம் தூக்கியும் வைத்தார்கள். டிரங்குப் பெட்டி டிவிடியில் எல்லாப் பாட்டும் இருந்தன. நான்கு வரிகளாகப் பிரித்து எழுதினார்.

டிரங்குப் பெட்டியில் மொத்தம் 71 வரிகள் தேறின. டிவிடிக்களில் பெரும்பாலானவை என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. மார்க்கர் பேனாவில் பெயர் எழுதிய, கடைக்காரர் எழுதிக் கொடுத்த நகல்கள். அவற்றை ஓட்ட பிளேஸ்டேஷனைத் திறந்து 'சிப்' போட வேண்டும். பெட்டிக் கடைபோல ஊருக்கு ஊர் சிப் போடும் அண்ணன் ஒருவர் இருந்த காலம். உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்ற கருவி அது. நம்மூரில் அதில் ஓடிய ஒரிஜினல் டிஸ்க் எத்தனை என்று கேட்டால் பலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவரும் குனிந்துகொண்டார். 'எங்கே கிடைத்தது' கட்டத்தில் நேர்மையாக 'போலி' என்றே எழுதினார்.

வேலைக்குப் போன பிறகு, 2016-ல் முதன்முதலாகக் காசு கொடுத்து ஒரு கேம் வாங்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்டீம் தளத்தில் ரூபாயில் பணம் கட்டும் வசதி வந்திருந்தது. தீபாவளி போனஸில் வாங்கியதை அப்பாவிடம் சொன்னபோது, "எங்க, பொருளக் காட்டு" என்று கேட்டிருக்கிறார். திரையைக் காட்டினார். "இது படம். பொருள் எங்க?" என்றாராம் கணக்கப்பிள்ளை. அந்தக் கேள்வி அன்றைக்கு ஜோக்காக இருந்தது.

ஸ்டீமில் 143. எபிக் கடையில் 126. பெரும்பாலும் 2018 டிசம்பரிலிருந்து அவர்கள் இலவசமாகக் கொடுத்தவை. கிளிக் பண்ணி எடுத்ததோடு சரி, பாதிக்கு மேல் திறந்ததே இல்லை. சும்மா கொடுத்தால் எதையும் வீட்டுக்கு எடுத்து வருகிற நம் வழக்கம் இங்கேயும் உண்டு. இவை எல்லாவற்றையும் தனித்தனியாகத் தட்டச்சு செய்ய வேண்டிய அவசியமில்லை. 'பிளேநைட்' என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஸ்டீம், எபிக், ஜிஓஜி என்று எந்தக் கடையில் கணக்கு இருந்தாலும் இணைத்துவிட்டால் எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் அடுக்கிக் காட்டிவிடும். மலையில் சிக்னல் வரும் ஒரே இடமான மொட்டை மாடி மூலையில் லேப்டாப்பை வைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் 269 வரிகள் நிரம்பிவிட்டன. 71 வரிகளுக்கு மூன்று மாதம், 269-க்கு ஒரு டீ.

ஆனால், கடைசிக் கட்டம் காலியாகவே இருந்தது. கொடுக்க முடியுமா?

தேடிப் படித்தார். ஸ்டீம் கணக்கை வேறொருவர் பெயருக்கு மாற்ற அதன் ஒப்பந்தம் இடம் தருவதில்லை. 'உயில் எழுதிவைத்தால் போய்ச் சேருமா?' என்று ஒருவர் கேட்டதற்கும் முடியாது என்றே ஸ்டீமின் உதவிப் பிரிவு பதில் சொல்லியிருந்தது. 2024 மே மாதம் அது பெரிய செய்தியானது. குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ளும் வசதி ஒன்றை அதே ஆண்டு செப்டம்பரில் கொண்டுவந்தார்கள். ஆறு பேர் வரை சேரலாம். ஆனால், அது ஒரே வீட்டில் வசிக்கிறவர்களுக்கான ஏற்பாடு. கனடாவில் இருக்கும் அக்கா மகன் அந்தக் கணக்கில் வரமாட்டான். தாய்மாமன் குடும்பத்தில் சேர்த்தியா இல்லையா என்று நம்மூரில் கேட்டால் அடிதடியே நடக்கும்!

அவர் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த நாள்களிலேயே இன்னொரு மாற்றம் நடந்தது. 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. டிஜிட்டல் பொருளை 'வாங்குங்கள்' என்று சொல்லி விற்கிறவர்கள், வாடிக்கையாளருக்குக் கிடைப்பது பொருள் இல்லை, பயன்படுத்தும் உரிமம் மட்டும்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அடுத்த மாதமே ஸ்டீமில் பணம் கட்டும் பக்கத்தில் அப்படி ஒரு வரி முளைத்தது. தீபாவளி ஆஃபரில் ஒரு கேமை எடுக்கப் போனவர், அந்த வரியைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் மாடியிலேயே உட்கார்ந்திருந்தார். இது படம், பொருள் எங்க?

எல்லாக் கடையும் இப்படி இல்லை. ஜிஓஜி தளத்தில் வாங்குவதை இன்ஸ்டாலர் ஃபைலாக இறக்கி ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். இணையம் இல்லாமலே ஓடும். அவர் அங்கே எதுவும் வாங்கியிருக்கவில்லை. ஸ்டீமில் ஆஃபர் அதிகம் என்பதுதான் காரணம்.

இதைவிட மோசம், பெயரை மட்டும் எழுத முடிந்த 22 வரிகள். கையிலும் இல்லை, எந்தக் கடையிலும் இல்லை. அக்கா கல்லூரி முடித்த புதிதில் பெரியகுளம் பிரவுசிங் சென்டரில் பத்து ரூபாய் கொடுத்து, ஃபேஸ்புக்கில் 'ஃபார்ம்வில்' விளையாடுவார். வீட்டில் நிஜமான தோட்டம் இருக்க, காசு கொடுத்துக் கத்தரிக்காய் பறிக்கப் போகிறாளே என்று அம்மா திட்டுவார். 2020 டிசம்பர் 31-ல் ஃப்ளாஷ் தொழில்நுட்பத்தோடு அந்த ஃபார்ம்வில்லும் மூடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 2-ல் பப்ஜி மொபைலுக்கு இந்தியாவில் தடை. ஊரடங்கின்போது ஊரில் அடைபட்டிருந்த நண்பர்கள் நான்கு பேர் ராத்திரியெல்லாம் ஆடியது. பிறகு வேறு பெயரில் வந்தது, தெரியும். நால்வரில் இருவர் அதற்குள் வேலைக்கு வெளிநாடு போய்விட்டார்கள்.

இது அடுக்கத்துக் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' 2023-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன்பு அந்த நாட்டில் வெளியான கேம்களில் 87 சதவிகிதத்தை இன்று கடையில் காசு கொடுத்து வாங்க வழியில்லை. பழைய கருவியைத் தேடிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் திருட்டுப் பிரதிதான். நின்டெண்டோ 2023 மார்ச்சில் தன் பழைய இரண்டு கருவிகளுக்கான டிஜிட்டல் கடையை மூடியது. 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வரை 2024 மார்ச் 31-ல் நிறுத்தினார்கள். டிஸ்க்காகக் காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதற்குப் பிறகு ஆட முடியவில்லை.

தை மாதம் வந்தபோது பட்டியலில் ஒரு சங்கடம் முழுதாகத் தெரிந்தது. பட்டியலிலேயே நேர்மையாகக் காசு கொடுத்து வாங்கிய கேம்கள் பெரும்பாலும் ஸ்டீமில் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட மருமகனுக்குக் கொடுக்க முடியாது. கையில் எடுத்துக் கொடுக்கக்கூடியவை, டிரங்குப் பெட்டியில் இருக்கும் திருட்டு டிவிடிக்கள்!

"அதையா கொடுக்கப்போற?" என்று கேட்டார் அக்கா.

"சீர்த் தட்டுல திருட்டு டிவிடியை எப்படிக்கா வைக்கிறது?"

"அப்போ என்னதான்டா இருக்கு?"

பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகள் 17 இருந்தன. ஒரிஜினல், கைமாற்றலாம், விற்கலாம், யாரும் கேட்க முடியாது. மருமகனிடம் இருப்பது நின்டெண்டோ ஸ்விட்ச். அதில் இவை நுழையவே நுழையாது.

சிரித்துவிட்டு அக்கா ஒன்று சொன்னார். 2023 ஜூலையில் 'வெண்பா' என்று ஒரு கேம் வந்ததே, அதை மகனோடு உட்கார்ந்து ஆடினாராம். டொரன்டோவில் அபி என்ற தமிழர் இயக்கி, விசை கேம்ஸ் உருவாக்கியது. 1980-களில் கனடா போன தமிழ்த் தம்பதி, அவர்களின் மகன், கிழிந்துபோன ஒரு சமையல் குறிப்பு நோட்டு. நோட்டில் அழிந்துபோன வரிகளை யூகித்து யூகித்து இட்லி ஊற்ற வேண்டும். 2024-ல் பாஃப்டா விருதில் சிறந்த முதல் கேமுக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. "அதுல இட்லித் தட்டை எப்படி அடுக்குறதுன்னு என் பையன்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தான். இங்க நான் இட்லி ஊத்துறதே இல்லையேடா" என்றார் அக்கா. தம்பியிடமும் வெண்பா இருந்தது, ஸ்டீமில். ஒரே குடும்பத்தில் இரண்டு பிரதி, இரண்டு கண்டங்களில். 'கொடுக்க முடியுமா?' கட்டத்தில் 'முடியாது, அவனிடமே இருக்கிறது' என்று எழுதினார்.

மாசி, பங்குனியில் செல்போன் கேம்களை எழுதினார். மொத்தம் 24. அதில் 23 அவருடைய பழைய போன்களில் இருந்தவை. ஒன்று அப்பாவுடையது.

நோக்கியா 1100. 2003-ல் வந்து, உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற, மண்டையில் டார்ச் வைத்த போன். தோட்டத்தில் கரன்ட் இல்லாத கணக்கு அறையில் அந்த டார்ச்சுக்காகவே அப்பா அதை மாற்றவில்லை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்பாவின் எண்ணை அம்மா இன்றுவரை ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறார். ஏன் என்று பிள்ளைகள் கேட்டதில்லை. பேட்டரி செத்துப்போயிருந்தது. கும்பக்கரைப் பாதையில் மண் சரிந்திருந்த வாரம் அது. பெருமாள்மலை வழியாகக் கொடைக்கானல் போய், பிஎல்-5சி பேட்டரி ஒன்று வாங்கி வந்து போட்டார்.

கேம்ஸ் என்ற மெனுவில் 'ஸ்நேக் 2'. அதற்குள் 'டாப் ஸ்கோர்'. அழுத்தினார்.

1,342.

அவர் ஆடிப் பார்த்தார். இத்தனை கருவிகளில் இத்தனை வருடம் ஆடியவர். 300-ஐத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆனது.

"அம்மா, அப்பா இதுல பாம்பு கேம் ஆடுவாரா?"

"காப்பி எடை போட லாரி வர்ற வரைக்கும் என்ன பண்ணுவாரு? அதத்தான் நோண்டிக்கிட்டு இருப்பாரு. உங்கிட்ட சொன்னா நீ கேலி பண்ணுவேன்னு சொல்லலை."

அப்பாவிடம் கேம் பற்றி அவர் பேசியதெல்லாம் ஏறக்குறைய சண்டைதான். பிளஸ் டூ மார்க், கல்லூரி அரியர், ராத்திரி கரன்ட் பில். 'எந்நேரமும் அந்தப் பொட்டியிலயே கிட' என்பது அந்த வீட்டின் தினசரி வாசகம். அந்தப் பெட்டியைத்தான் உரச்சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றி வைத்திருக்கிறார். 1,342-ஐப் போனில் படம் எடுத்துக்கொண்டு, பட்டியலில் 412-வது வரியாகச் சேர்த்தார்.

ஜூலையில் அக்கா குடும்பத்தோடு ஊருக்கு வந்தார். மருமகன் வந்திறங்கிய அன்றே பட்டியலைக் கேட்டான். மாமா பிரின்ட் எடுத்துத் தைத்து வைத்திருந்தார். டவுன்லோடு கேம்களின் பக்கங்களை அவன் வேகமாகப் புரட்டினான். அதெல்லாம் அவனுக்குத் தெரிந்த பெயர்கள். டிரங்குப் பெட்டிப் பக்கங்களில் நின்றான். "பெரியகுளம், ரூ.180... இது என்ன மாமா?" தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பான். தாத்தா கையெழுத்து கேசட்டில் இருப்பதைக் காட்டச் சொன்னான்.

இரண்டு வாரம் காப்பி அறையில் வாத்து விழுந்துகொண்டே இருந்தது. கேசட்டுகளும் துப்பாக்கியும் அவனுக்கு என்று முடிவானது. கவர்மென்ட் டிவியை விமானத்தில் ஏற்ற முடியாது என்பதால் அவை அடுக்கத்திலேயே இருக்கும். அவன் வரும்போதெல்லாம் அவனுடையவை. 'கொடுக்க முடியுமா?' கட்டத்தில் 'கொடுத்தாச்சு, இங்கேயே இருக்கும்' என்று ஏறியது.

நோக்கியாவை மட்டும் அம்மா தரவில்லை. "ஆடிக்கோ. ஆடிட்டு அம்மாச்சிகிட்டயே குடுத்துடணும்."

முதல் நாள் 64. அவனுக்குப் பட்டனை அழுத்தி ஆடும் பழக்கமே இல்லை, திரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் 214. பாம்பு சுவருக்குள் நுழைந்து எதிர்ப்பக்கம் வருவதைக் கண்டுபிடித்த பிறகு வேகம் பிடித்தது. ஒருநாள் சாப்பிடும்போது கேட்டான்.

"மாமா, நான் தாத்தாவைவிட ஜாஸ்தி எடுத்தா, தாத்தா ஸ்கோர் என்ன ஆகும்?"

மாமாவுக்குத் தெரியும். அந்தப் போன் ஒரே ஒரு டாப் ஸ்கோரைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். புதிது வந்தால் பழையது போய்விடும்.

அவர் பதில் சொல்லத் தயங்கியதை அம்மா பார்த்தார். குழம்பை ஊற்றிக்கொண்டே, "அழிஞ்சா அழியட்டும். பேரன் அடிச்சான்னா அவருக்கு வேற என்ன வேணும்? நீ ஆடுறா" என்றார்.

ஊருக்குக் கிளம்பும் நாள் காலை வரை ஆடினான். கார் வந்து நின்ற பிறகும் ஒரு கை ஆடினான். போனை அம்மாச்சியிடம் கொடுத்தான். அம்மா அதை முந்தானையில் துடைத்து, பீரோவில் புடவைகளுக்கு நடுவில் வைத்தார்.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் 412-வது வரியைத் திறந்து, குறிப்பு என்ற கட்டத்தில் இப்படி எழுதினார்: 'முதல் இடம் 1,342, தாத்தா. இரண்டாம் இடம் 871, பேரன். இது போனில் இருக்காது, இங்கே மட்டும்தான்.'